மருந்து அறையில் இருந்த ஆள்

வேலுத்தாய் வந்தபோது சின்னச்சாமி மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். திருத்தங்கலில் தண்ணீர் வருகிற நாளில் எந்த வீட்டிலும் வந்தவரை உட்காரவைத்துப் பேச நேரமிருக்காது. ஆனாலும் அந்தப் பெண் வாசலில் நின்ற நிலையைப் பார்த்ததும் அவர் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

சின்னச்சாமி முப்பத்தொரு வருஷம் இந்த வட்டாரத்துத் தீயணைப்பு நிலையங்களில் இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்து முடிந்த இடத்தில் கிளறிப் பார்த்து, தீ எங்கே பிடித்தது, எதனால் பிடித்தது என்று சொல்வதில் பேர் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் தங்கள் குழப்பங்களையும் அவரிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிரபாகரன் இதற்கெல்லாம் தானாகவே உதவியாளராகச் சேர்ந்துகொண்டான். வயது நாற்பத்தெட்டு, தொழில் காப்பீட்டு முகவர். ஆளைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவான். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை, அதற்காக அசருகிற ஆளுமில்லை. மோட்டார் சத்தம் நின்றதைக் கேட்டு இப்போதும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

வேலுத்தாய் ஊர்க்கோடியில் இருக்கும் வீடற்றோர் காப்பகத்தில் சமையல் செய்கிறவள். சனிக்கிழமை அங்கே ஒருவர் இறந்துபோனார். நாலு மாதத்துக்கு முன் பேருந்து நிலையத்தில் கிடந்தவரைத் தூக்கிவந்து சேர்த்திருந்தார்கள். முதுகெல்லாம் பழைய தீக்காயம். எந்த ஊர், என்ன பேர் என்று யார் கேட்டும் வாய் திறக்காத மனிதர். வந்த வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் தொண்டு செய்ய வந்து, அவருக்கு முடிவெட்டி, தாடியை மழித்து, படம் எடுத்து, சேர்க்கைப் படிவத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். படம் அந்த ஒன்றுதான். அவர்கள் போனிலும் இப்போது இல்லையாம். பிறகு தாடி மறுபடி மண்டிவிட்டது. அந்த முகத்தோடுதான் பிணவறையில் கிடக்கிறார், பெற்றவளே வந்தாலும் அடையாளம் தெரியாது. சரி, மழித்த முகத்தின் படத்தைப் பத்திரிகையில் போட்டுப் பார்க்கலாம் என்று திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தால் படிவத்தைக் காணோம்.

"அவருக்கு ஒரு பேரு வேணும்யா" என்றாள் வேலுத்தாய். "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு முனிசிபாலிட்டி வண்டி வருதாம். ஒரு நம்பரப் போட்டுப் பொதைச்சுருவாக."

உனக்கு அவர் என்ன உறவு என்று பிரபாகரன் கேட்டான். ஒரு உறவுமில்லை, நாலு மாசம் சோறு போட்டேன் என்றாள். பிறகு மீதியையும் சொன்னாள். அவள் புருஷன் கருத்தப்பாண்டி லோடுமேன். எட்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, வெம்பக்கோட்டைப் பக்கம் லோடு ஏற்றப் போகிறேன் என்று கிளம்பினவர் திரும்பவே இல்லை. லாரிக்காரனைக் கேட்டால் அவர் வண்டியிலேயே ஏறவில்லை என்றான்.

"எங் கொலுச அழிச்சு அவருக்கு வெள்ளி அரைஞாண் கொடி பண்ணிப் போட்டேன். அத வித்துத் தின்னுக்கிட்டு எவ கூடயோ கெடக்கான்னு பேசுறாக. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் எனக்குப் பேரு. அவரும் எங்கயாச்சும் ஒரு ஹோம்ல கெடந்தா, அங்கனயும் ஒருத்தி இப்படி நடையா நடக்கணும்ல, அதுக்குத்தான் வந்தேன்."

சின்னச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

காப்பகத்தை நடத்துவது மூன்று பேர் கொண்ட குழு. யாருக்கும் சம்பளமில்லை, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வந்துபோகிறவர்கள். தலைவர் யோகலட்சுமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. செயலாளர் முனியராஜ், திருத்தங்கலிலேயே காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறார். பொருளாளர் அருள்பாண்டி, தாயில்பட்டிப் பக்கம் நிலபுலன் உள்ளவர், மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்புகிறவர். அலமாரிச் சாவி இந்த மூவரிடமும் ஒவ்வொன்று இருந்தது. பூட்டு உடைபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு மூவரும் வந்துபோயிருந்தார்கள்.

யோகலட்சுமி டீச்சர் அலமாரியைத் திறந்து காட்டினார். மற்ற படிவங்கள் எல்லாம் வரிசை கலையாமல் இருந்தன. எடுத்தவர் தேடவில்லை, எந்தக் கோப்பில் எத்தனாவது தாள் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார். வேலுத்தாய்மேல் சந்தேகம் வருவதாக அருள்பாண்டி போனில் சொன்னாராம். அதைச் சொல்லும்போது டீச்சருக்கே கூச்சமாக இருந்தது.

சின்னச்சாமி சமையலறைக்கு வந்து வாசலில் நின்றபடி இறந்தவரின் பழக்கவழக்கங்களைக் கேட்டார். விநோதமான ஆளய்யா என்று வேலுத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். அடுப்பு இருக்கிற இடத்துக்குள் வருவதற்கு முன் வாசல் கம்பியில் இரண்டு உள்ளங்கையையும் ஒரு நிமிஷம் வைத்து எடுப்பார். செருப்பை வெளியே விட்டுவிடுவார். காப்பகத்தில் கழுத்தில் மாட்டக் கொடுத்த அட்டையில் இரும்புக் கொக்கி இருந்ததால், அதையும் கழற்றி வெளியே ஆணியில் தொங்கவிட்டுத்தான் உள்ளே வருவார். எவர்சில்வர் தட்டைக் கையில் வாங்கமாட்டார். ஆனி மாதம் யாரோ அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் தட்டையும் மரக்கரண்டியையும் பொட்டலம் கட்டி ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

"மொதல்ல நல்லாத்தான் என்னப் பார்த்துச் சிரிப்பாரு. ஒருநா எங்க வீட்டுக்காரரு பேரயும் அவரு போன கதையயும் சொன்னேன். அன்னைக்குச் சாப்பிடல. அன்னையிலருந்து எம் மொகத்த அவரு ஏறிட்டே பார்க்கலய்யா."

பொட்டலம் சுற்றிவந்த தாளை அவள் மசாலா டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தாள். சின்னச்சாமி டப்பாக்களை நகர்த்தி அதை எடுத்துப் பார்த்தார். மயில்மேல் முருகன் படம், நிறம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகியிருந்தது. கீழே அடுத்த வருஷத்து எண். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிரபாகரன் பொரிந்து தள்ளினான். அருள்பாண்டிதான் ஆள், சந்தேகமே வேண்டாம். தாயில்பட்டியில் அவருடைய தரிசு நிலத்தில் யாரோ லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு ஷெட் போட்டிருந்ததாக ஒரு பேச்சு உண்டு. செத்தவர் முதுகில் தீக்காயம். உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்து படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பார், வேலைக்காரியைக் கைகாட்டுகிறார் பாருங்கள் அண்ணாச்சி. சின்னச்சாமி அச்சகத்துக்கு வண்டியை விடச் சொன்னார்.

முனியராஜ் மரியாதையான மனிதர். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு இருவரையும் உட்காரவைத்து, வீட்டுக்குள் டீக்குச் சொல்லி அனுப்பினார். அச்சகத்தின் பின்பக்கமே வீடு. சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. மழித்த முகம், அகன்ற நெற்றி, முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். கீழே சங்கிலிமுத்து என்று பேர். யாரென்று பிரபாகரன் கேட்டதற்கு, எங்க அண்ணன் என்றார் முனியராஜ். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை. எட்டு வருஷத்துக்கு முன் வெடி விபத்தில் போய்விட்டார். தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. அவர் பேரில் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் காப்பக வேலையில் சேர்ந்தாராம். இறந்துபோன அந்த மனிதரைத் தான் கிட்டத்தில் பார்த்துப் பேசியதுகூட இல்லை என்றும் சொன்னார்.

அடையாளம் தெரிகிற மாதிரி உடம்பு கிடைத்ததா என்று சின்னச்சாமி மெதுவாகக் கேட்டார்.

"எங்கய்யா கெடைச்சது? ரூம்ல ஒரே ஆளு, அது மருந்து கலக்குற ஆளுதான்னு சொல்லிட்டாக. இடுப்புல வெள்ளிக்கொடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அண்ணனும் போட்டிருப்பாரு, அதான்னு நம்பி வாங்கிட்டு வந்து எரிச்சோம்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் டீ கொண்டுவந்தாள். பானுப்பிரியா, என் வீட்டுக்காரி என்றார் முனியராஜ். அவள் பின்னால் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி ஐந்து வயதுத் தங்கையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். பெரியவள், சித்தப்பா, பீஸ் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாள் என்றாள். சின்னவள், அப்பா நானும் வரேன் என்றாள். பானுப்பிரியா இருவரையும் அதட்டி உள்ளே கூட்டிப்போனாள். போகும்போது சுவரில் இருந்த படத்தின் மாலையைப் பழக்கத்தில் சரிசெய்துவிட்டுப் போனாள்.

சின்னச்சாமி டீயைத் தொடவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறாமல் வேப்பமரத்தடியில் நின்றார். பிரபாகரன் அவரை இப்படிப் பார்த்ததில்லை. நாளைக்குப் பத்து மணிக்குக் குழுவைக் கூட்டச் சொல்லு, வேலுத்தாயும் இருக்கணும் என்றார். அவர் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுக்க மனத்துக்குள் அல்லாடியிருக்கிறார். இரண்டு குடும்பங்களின் தலையில் இதைப் போட்டு யாருக்கு என்ன லாபம்? ஆனால் அதே கணக்கைப் போட்டுத்தான் இன்னொருவரும் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று தோன்றியதும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காப்பகத்தின் கூட்ட அறையில் நாலு நாற்காலிதான் இருந்தது. சமையல்காரி எதற்கு என்று அருள்பாண்டி முணுமுணுத்தார். சின்னச்சாமி தன் நாற்காலியில் வேலுத்தாயை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

முதலில் இறந்தவரைப் பற்றிச் சொன்னார். பட்டாசு வேலையில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் உள்ளே போவதற்கு முன் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்குகிறவன், சின்னக் கொக்கியைக்கூட வெளியே கழற்றி வைக்கிறவன், மருந்து கலக்குகிறவன் மட்டும்தான். ஒரு உரசல் போதும், ஆள் இருக்கமாட்டான். மூளை எல்லாவற்றையும் மறந்தாலும் கை அதை மறக்காது. காப்பகத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒருவருக்கு மட்டும் புரிந்திருக்கிறது. அவர்தான் பிளாஸ்டிக் தட்டும் மரக்கரண்டியும் வாங்கிவந்து வைத்தவர்.

பிறகு மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"இது அடுத்த வருஷக் காலண்டர் தாள். ஆடி பதினெட்டுக்குத்தான் நம்ம ஊர்ல காலண்டர் சாம்பிள் ஆல்பம் வெளிய வரும். தட்டு வந்தது ஆனியில. அதுக்கு முன்னாடி இந்தத் தாள், அதுவும் நிறம் பொருந்தாத வேஸ்ட் தாள், அச்சாபீஸைத் தவிர வேற எங்கயும் இருக்காது. இந்த ஹோமுக்கு வந்துபோற அச்சாபீஸ்காரர் ஒருத்தர்தான்."

எல்லோரும் முனியராஜைப் பார்த்தார்கள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டத்தில் பார்த்ததேயில்லை என்று சொன்னவர், அந்த ஆளுக்கு எவர்சில்வர் ஆகாது என்று எப்படித் தெரிந்துகொண்டார்? மழித்த முகத்தின் படம் வெளியே வந்தால் யார் கண்ணில் படும் என்று பயந்தார்? அவர் வீட்டுச் சுவரிலேயே அந்த முகம் மாலை போட்டுத் தொங்குகிறது. அந்த வீட்டில் ஒரு தாய்க்கு இரண்டு பெண்கள். மூத்தது இவரைச் சித்தப்பா என்கிறது, இளையது அப்பா என்கிறது. அண்ணன் இறந்ததும் அண்ணியைக் கட்டிக்கொண்டது தப்பேயில்லை, ஊர் கூடிச் செய்த காரியம்தான். அந்த அண்ணன் உயிரோடு வந்து நின்றால் என்ன செய்வது? இதைச் சொல்லும்போது சின்னச்சாமியின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை.

யோகலட்சுமி டீச்சர், அப்படியென்றால் அன்றைக்கு எரித்தது யாரை என்று கேட்டார்.

சின்னச்சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த உடம்பச் சாக்குல அள்ளுனது நான்தான் டீச்சர். அச்சங்குளத்துக்கு மொதல்ல போன வண்டி என் வண்டி. இடுப்புல வெள்ளிக்கொடியைப் பார்த்தேன். மருந்து ரூமுக்குள்ள எவனும் கொடியோட போகமாட்டான், சங்கிலிமுத்து சட்டை மாட்டுற ஆணியிலயே அதையும் கழட்டிப் போட்டுட்டுத்தான் போயிருப்பாரு. அச்சாபீஸ் வேலை பார்க்கிற தம்பிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனா அந்த ரூம்ல ஒரு ஆளுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம். ஒரு உடம்பு இருந்துச்சு, ஒரு பேரு இருந்துச்சு, எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கே இன்னும் ரெண்டு எடத்துல தீ. எனக்கு நின்னு யோசிக்க நேரமில்ல."

கொடி போட்ட ஆள் மருந்து கலக்குகிறவர் இல்லை, வெளியிலிருந்து வந்தவர் என்றார். அதே நாளில் கிளம்பிப் போய்த் திரும்பாத, இடுப்பில் வெள்ளிக்கொடி போட்ட ஒரு லோடுமேன் இருக்கிறார். அவர் பேரைக் கேட்ட அன்றைக்கு இறந்தவர் சோறு இறங்காமல் எழுந்து போயிருக்கிறார்.

வேலுத்தாய் புரியாதவள் மாதிரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். முனியராஜ் எழுந்து அவளுக்கு எதிரே வந்து நின்றார். இனி மறைக்க எதுவும் இல்லை என்பதுபோல, படிவத்தை எடுத்தது முதல் எல்லாவற்றையும் சொன்னார்.

மழித்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அண்ணனைத் தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரிந்தது. பானு நல்லா இருக்காளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இவர் நடந்ததைச் சொன்னார். நான் செத்தவனாகவே இருந்துட்டுப் போறேன், யார்கிட்டயும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார் அண்ணன். வெடி விபத்து நடந்த அன்றைக்கு அண்ணன் வெக்கை தாளாமல் தண்ணீர் குடிக்க வெளியே போயிருக்கிறார். அந்த நேரத்தில் இரட்டைக் கூலிக்கு ஆசைப்பட்டு வெம்பக்கோட்டை லோடை விட்டுவிட்டு அங்கே வந்திருந்த லோடுமேன், சீசன் அவசரத்தில் சரக்கைத் தானே தூக்கிவிடலாம் என்று மருந்து அறைக்குள் போயிருக்கிறார், அறை வெடித்துவிட்டது. வெளியே நின்ற அண்ணனுக்கு முதுகு வெந்தது, கதவைப் பூட்டாமல் வந்தது தன் தப்பு என்று பயந்து அன்று ஓடியவர்தான். முதலாளி இரண்டு சாவு வேண்டாம், ஒன்று போதும் என்று லோடுமேன் வரவேயில்லை என்றுவிட்டார். முதலாளியும் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாகிறது.

"கருத்தப்பாண்டின்னு அண்ணன்தான் பேரு சொன்னாரு. ஒங்க வீட்டுக்காரர்னு அண்ணனுக்குத் தெரிஞ்சப்ப எனக்கும் தெரியும். சொன்னா எங்க வீடு இடிஞ்சுரும், சொல்லலைன்னா யாருக்கும் ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள் வேலுத்தாய்.

முனியராஜைப் பார்த்து, தினமும் இந்தப் பொம்பளை கையால் டீ வாங்கிக் குடித்தீர்களே என்று அருள்பாண்டி சத்தம் போட ஆரம்பித்தார். நேற்றுவரை அவளைத் திருடி என்றவர்தான். டீச்சர் கையமர்த்தினார். சாம்பல் எங்கே என்று வேலுத்தாய் கேட்டாள். ராமேஸ்வரத்தில் கரைத்தாகிவிட்டது. வருஷாவருஷம் திதியும் கொடுத்திருக்கிறார்கள், சங்கிலிமுத்து என்ற பேருக்கு.

பன்னிரண்டு மணிக்குப் பிணவறையிலிருந்து உடலை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது. கூட வந்த சுகாதாரப் பிரிவு எழுத்தரிடம் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அவர் இரக்கமானவர்தான், ஆனால் சட்டம் வேறு மாதிரி இருந்தது. சங்கிலிமுத்துவுக்கு எட்டு வருஷத்துக்கு முன்பே இறப்புச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. செத்தவர் மறுபடி சாக முடியாது. பழையதை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், விசாரணை வேண்டும், அதற்குள் பிணம் தாங்காது. கருத்தப்பாண்டிக்கோ உடம்பு இல்லை, சாட்சி சொல்ல வேண்டியவரும் அந்த வண்டியில்தான் கிடக்கிறார். கடைசியில் எழுத்தர், அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் ஐம்பது என்றே எழுதினார். சின்னச்சாமி இரண்டு பேரையும் கண்டுபிடித்திருந்தார். ஒரு பேரைக்கூட யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

மயானத்தில் முனியராஜ் குழியைவிட்டு எட்டி நின்றார். பானுப்பிரியாவிடம் அவரே போய்ச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அவள் ஆட்டோவைவிட்டு இறங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் யாராக இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் மண் யார் போடுவது என்று குழிவெட்டி கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. பிரபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனிடம் ஒரு யூகமும் இல்லை.

வேலுத்தாய்தான் முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இவுக ஆளுக கொள்ளி வச்சாக. இவுகளுக்கு நான் மண்ணு போடுறேன்" என்று குனிந்து மூன்று பிடி அள்ளிப் போட்டாள்.

திரும்பும்போது சின்னச்சாமி அவள்கூடவே நடந்தார். நான் அன்னைக்கு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா என்று மட்டும் ஆரம்பித்தார். இனிமேல் யாரும் உன்னை ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொல்லமாட்டாங்கம்மா, நான் ஊர் முழுக்கச் சொல்றேன் என்றார்.

அவள் தலையாட்டினாள். காப்பகத்துக்குள் மதியச் சோற்றுக்காக முப்பத்தோரு பேர் காத்திருந்தார்கள். வாசல்வரை வந்தபிறகு திரும்பி நின்று சொன்னாள்.

"ஓடிப்போயிட்டாருன்னு சொன்னப்ப எங்கயோ சாப்பிட்டுக்கிட்டு இருக்காருன்னாச்சும் நெனச்சிருந்தேன்யா."